பெயரில் விழுந்த சாபம்

‘சாரா ஜேன் அட்வெஞ்சர்ஸ்’ தொடரின் ஐந்தாவது பருவத்தில் ‘கிளைட் லாங்கரின் சாபம்’ என்று இரண்டு பகுதிகளில் ஒரு கதை வருகிறது. எழுதியவர் பில் ஃபோர்ட். 2011 ஒக்ரோபரில் பிபிசியின் சிறுவர் அலைவரிசையில் ஒளிபரப்பானது. ‘டொக்டர் ஹூ’விலிருந்து கிளைத்த தொடர் இது. அதில் 1973இல் அறிமுகமான சாரா ஜேன் ஸ்மித் என்ற பத்திரிகையாளர், இங்கே ஈலிங்கில் குடியிருந்துகொண்டு அயல்வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து வேற்றுக்கிரகவாசிகளைச் சமாளிக்கிறார். ஈலிங் என்றால் நம்மவர்களுக்குக் கனகதுர்க்கை அம்மன் கோயில்தான் நினைவுக்கு வரும். தொடரில் காட்டும் தெருவோ வேல்ஸில் படமாக்கப்பட்டது. அது கிடக்கட்டும்.

கிளைட் ஒரு கறுப்பினப் பையன். தாயோடு வசிப்பவன், நன்றாகப் படம் கீறுவான். அருங்காட்சியகமொன்றில் வட அமெரிக்கப் பழங்குடியினரின் குலமரபுத் தூண் ஒன்றைத் தொடும்போது அவன் விரலில் சிராய் ஏறிவிடுகிறது. அதற்குப் பிறகு அவன் பெயரைக் கேட்டவர்கள் எல்லாரும் அவனை வெறுக்கிறார்கள். அதிபர் பள்ளிக்கூடத்தைவிட்டு விலக்குகிறார். சாரா ஜேன் துரத்துகிறார். கடைசியில் பெற்ற தாயே வெளியே போ என்கிறாள். பையன் லண்டன் தெருவில் படுக்கிறான்.

சிறுவர் தொடரில் இவ்வளவு தூரம் போகலாமா என்று முதலில் யோசித்தேன். போகலாம். அவன் எந்தக் குற்றமும் செய்யவில்லை, முகமும் மாறவில்லை. பெயர் காதில் விழும்வரை எதிரே நிற்பவர் சாதாரணமாகத்தான் இருக்கிறார். விழுந்ததும் கண் மாறுகிறது. அந்த மாற்றத்துக்குப் பெரிய தந்திரக்காட்சி எதுவும் தேவைப்படவில்லை, நடிகர்களின் முகமே போதுமாக இருக்கிறது. இதைப் பார்த்து நம் வீட்டுப் பிள்ளைகள் பயப்படுவதற்குக் கற்பனை அதிகம் வேண்டியதில்லை. வகுப்பில் வரவு கூப்பிடும் ஆசிரியர் ஒரு பெயரில் வந்து தடுக்கி நிற்பதை அவர்கள் ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். பெற்றோருக்கோ இன்னும் பழைய நினைவு உண்டு: சோதனைச் சாவடியில் அடையாள அட்டையிலுள்ள பெயரே போதுமாக இருந்த காலம். பொருளியலாளர் பிலிப் ஒரியோபொலோஸ் 2011இல் வெளியிட்ட ஆய்வில், ரொறொன்ரோ நிறுவனங்களுக்கு ஒரே தகுதியோடு அனுப்பிய விண்ணப்பங்களில் ஆங்கிலப் பெயர்களுக்கு, இந்திய, பாகிஸ்தானிய, சீனப் பெயர்களைவிட ஏறத்தாழ 40 வீதம் அதிகமாக அழைப்பு வந்தது. அங்கே சிராய் எதுவும் ஏறத் தேவைப்படவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அவனை விலக்கும் அந்த அதிபர் ஹரேஷ் சந்திரா, ஓர் இந்திய வம்சாவளிக்காரர். அவருடைய மகள் ராணி, கிளைட்டின் நெருங்கிய தோழி. அவளும்தான் கதவைச் சாத்துகிறாள். தொடர் இதை வலியுறுத்திச் சொல்லவில்லை, சாபம் எல்லாரையும் ஒரேமாதிரித்தான் பிடிக்கிறது. ஆனால் கறுப்புப் பையன் வாசலில் நிற்கும்போது நம் வீடுகளில் என்ன பேசப்படுகிறது என்பது இதை வாசிப்பவர்களுக்குத் தெரியும். அந்தக் காட்சி எனக்கு உறுத்தியது அதனால்தான். சாபம் பிடிக்காத ஒரே ஆள் ஸ்கை. பூமிக்கு வந்து சில நாட்களே ஆன, மனித இனத்தையே சேராத சிறுமி.

இவ்வளவு நுட்பமான கதை, சாபத்துக்குக் காரணம் தேடும்போது கண்ணை மூடிக்கொண்டு கையில் கிடைத்ததை எடுத்துவிடுகிறது. தூணுக்குள் அடைபட்டிருப்பது மொஹாவி மக்களை அடிமைப்படுத்த வந்த கொடிய சக்தி என்கிறார்கள். மொஹாவி மக்கள் கொலராடோ ஆற்றங்கரைப் பாலைநிலத்தவர்கள். குலமரபுத் தூண்கள் பசிபிக் வடமேற்குக் கரையில், பெரிய சீடர் மரங்கள் வளரும் ஈரமண்ணில் வாழும் ஹைடா, நிஸ்கா போன்ற மக்களுடையவை. இரண்டையும் ஒன்றாகக் கட்டியது, யாழ்ப்பாணத்து வீட்டில் பனிவீட்டு எஸ்கிமோவைக் குடியேற்றியது போல. இதைத் தகவல் பிழை என்று விட்டுவிடலாம். விடமுடியாதது வேறு. தூண் என்பது ஒரு குடும்பத்தின் பெயரையும் வரலாற்றையும் தாங்கி நிற்பது. அதைப் பெயரைக் கெடுக்கும் பொருளாக்கியிருக்கிறார்கள். உண்மையில் பெயர் பறிபோனது அந்த மக்களுக்கு. கனடாவின் வதிவிடப் பள்ளிகளில் பிள்ளைகளின் பெயர்களை மாற்றினார்கள், பலரை இலக்கம் சொல்லிக் கூப்பிட்டார்கள். அந்தப் பெயர்களைக் கட்டணமின்றி மீட்டுக்கொள்ள வழிசெய்ய வேண்டும் என்று உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2015இல் கேட்டது. மத்திய அரசு அதற்கு வழிவிட 2021 ஆனது.

பிரித்தானிய அருங்காட்சியகத்தில் அப்படியொரு தூண் எப்படி வந்தது என்றும் கதையில் யாரும் கேட்பதில்லை. நிஸ்கா மக்களின் நினைவுத் தூணொன்று 1929இல் எடுத்துச் செல்லப்பட்டு ஸ்கொட்லாந்து அருங்காட்சியகத்துக்கு விற்கப்பட்டது. 2023இல்தான் நாஸ் பள்ளத்தாக்குக்குத் திரும்பியது. பத்து வயதுப் பிள்ளைக்கு இந்தக் கதையைப் போட்டுக் காட்டுகிறவர்கள் அந்தத் தூணின் கதையையும் கூடவே சொல்லலாம். சாபத்தைவிட அது சுவையானது.

தீர்வு எளிமையானது, ஆனால் பொருத்தமானது. சாரா ஜேனும் ராணியும் ஏனென்று தெரியாத துக்கத்தோடு இருக்கிறார்கள். வெறுத்த பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லித்தான் அவர்களுக்கு வெறுப்புக் கரைகிறது. முடிவில் கிளைட் தன் முழுப் பெயரையும் தானே உரத்துச் சொல்லவேண்டியிருக்கிறது. சுருக்காமல், மாற்றாமல்.

மாற்றிய பெயர் ஒன்றும் கதையில் உண்டு. தெருவில் அவன் தன்னை என்ரிக்கோ பொக்ஸ் என்று சொல்லிக்கொள்கிறான். அங்கே அவனைப் பார்த்துக்கொண்டவள் எல்லி என்ற வீடற்ற பெண். சாபம் நீங்கியதும் தாய், நண்பர்கள், பள்ளிக்கூடம் எல்லாம் திரும்பக் கிடைக்கின்றன. எல்லியைத் தேடிப் போகிறான். அங்கே யாருக்கும் அவளைத் தெரியவில்லை. பிறகு சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தில் அந்தப் பெயர் அச்சாகியிருப்பதைக் காண்கிறான். அவள் அங்கிருந்துதான் எடுத்திருக்கிறாள். அவன் கையில் மிஞ்சுவது வேறு யாருடையதோ ஒரு பெயர்.