திருப்தியான பதில்: ‘உடைந்த யன்னல்கள்’ கட்டுரை குறித்து

மனிதர் ஏன் குற்றம் புரிகின்றனர் என்பதற்குக் கோட்பாடுகள் ஏராளம். லொம்புறோஸோ மண்டையோட்டை அளந்தார். மேர்ட்டன் 1938இல், சமூகம் ஓர் இலக்கைக் காட்டிவிட்டு அதற்குப் போகும் வழியை அடைத்துவிடுவதே காரணம் என்றார். சதர்லாண்ட், எந்தத் தொழிலையும் போலக் குற்றமும் பழகிக் கற்பதே என்றார். இவையெல்லாம் பெரும்பாலும் பல்கலைக்கழகச் சுவர்களுக்குள் சுற்றிவந்தவை. தெருவுக்கு இறங்கி, பொலிஸ்காரனின் கைக்கே போய்ச் சேர்ந்தது ஒரு சஞ்சிகைக் கட்டுரைதான். 1982 மார்ச்சில் ‘அற்லாண்டிக் மந்த்லி’ இதழில் ஜேம்ஸ் கியூ. வில்சனும் ஜோர்ஜ் கெலிங்கும் எழுதிய ‘உடைந்த யன்னல்கள்’. அட்டவணைகள் இல்லை, அடிக்குறிப்புகள் இல்லை. ஒரு கதைபோல ஓடும் கட்டுரை. ஆகவே அதைக் கதையை வாசிப்பதுபோலவே வாசிக்கலாம்: யார் பாத்திரங்கள், யார் பேசுகிறார்கள், யார் பேசாமல் நிற்கிறார்கள் என்று.

கதை தொடங்குவது எமக்கு அருகில், நியூ ஜேர்சியில். எழுபதுகளின் நடுவில் மாநில அரசு 28 நகரங்களுக்குப் பணம் கொடுத்து, பொலிஸாரைக் காரிலிருந்து இறக்கி நடக்கவிட்டது. சில ஆண்டுகளின் பின் நியூவார்க் நகரில் ஆய்வு செய்தபோது, குற்றம் குறையவில்லை. ஆனால் சனங்களின் பயம் குறைந்திருந்தது. இதைக் கட்டுரையாளர்கள் மறைக்கவில்லை; அந்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும். பயம் என்பது சும்மா மனப்பிரமை அல்ல என்று அவர்கள் சொல்வதும் சரியே. இரவு வேலை முடித்து பஸ் தரிப்பிடத்தில் தனியே நிற்கும் எம்மவர்க்கு இதை எவரும் விளக்கத் தேவையில்லை.

நியூவார்க்கில் கெலிங் ஒரு பொலிஸ்காரனோடு சேர்ந்து நடந்தார். கட்டுரை அவனுக்குக் கெலி என்று புனைபெயர் சூட்டுகிறது. தெருவில் நிற்போர் பெரும்பாலும் கறுப்பர். நடக்கும் கெலி வெள்ளையன். அவனுக்கென்று எழுதப்படாத விதிகள் உண்டு. குடிகாரர் வாசற்படியில் இருக்கலாம், படுக்கக் கூடாது. பக்கத் தெருவில் குடிக்கலாம், பிரதான சந்தியில் கூடாது. போத்தல் கடதாசிப் பையினுள் இருக்கவேண்டும். பஸ்ஸுக்குக் காத்திருப்போரிடம் கையேந்தக் கூடாது. கடைக்காரனுக்கும் வாடிக்கையாளனுக்கும் தகராறு என்றால் கடைக்காரன் பக்கமே நியாயம், வாடிக்கையாளன் அந்நியன் என்றால் சொல்லவே வேண்டாம். ஓர் அந்நியன் காரணமின்றி நின்றால் பிழைப்புக்கு என்ன வழி, இங்கே என்ன வேலை என்று கெலி கேட்பான். பதில் திருப்தி இல்லையென்றால் அவனை அனுப்பிவிடுவான்.

கட்டுரையின் உயிர் இந்தப் பந்தியில்தான் இருக்கிறது. ஆனால் எல்லோரும் நினைவில் வைத்திருப்பது இதையல்ல, இதற்குப் பின்னால் வரும் காரைத்தான்.

1969இல் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழக உளவியலாளர் பிலிப் ஸிம்பார்டோ இலக்கத்தகடு இல்லாத இரு கார்களை, ஒன்றை நியூ யோர்க்கின் பிரொங்ஸிலும் மற்றதைக் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவிலும் விட்டுவைத்தார். பிரொங்ஸ் காரைப் பத்தே நிமிடத்தில் பிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். முதலில் வந்தது தாய், தகப்பன், மகன் என்று ஒரு குடும்பம். பாலோ ஆல்ட்டோ கார் ஒரு வாரத்துக்கு மேல் தொடப்படாமல் கிடந்தது. பின் ஸிம்பார்டோ சம்மட்டியால் ஓர் அடி கொடுத்தார். வழிப்போக்கரும் சேர்ந்துகொள்ள, சில மணி நேரத்தில் கார் தலைகீழாகக் கிடந்தது என்கிறது கட்டுரை. ஸிம்பார்டோவின் சொந்த அறிக்கையில் கதை சற்று வேறு. கார் பல்கலைக்கழக வளாகத்துக்கு நகர்த்தப்பட்டது. உடைக்கத் தொடங்கியவர்கள் அவரும் அவருடைய மாணவர்களும். யன்னல் தானாக உடையவில்லை, பேராசிரியர்தான் உடைத்தார்.

இதைவிட வியப்பானது வேறொன்று. இரண்டு இடத்திலும் காரை நாசம் செய்தோரில் பெரும்பாலோர் கண்ணியமான தோற்றமுள்ள வெள்ளையர் என்று கட்டுரையே குறிப்பிடுகிறது. அப்படியானால் அடுத்த பந்தியில் நாம் கண்ணியமான வெள்ளையரைப் பற்றியல்லவா வாசிக்கவேண்டும்? வருவது பிச்சைக்காரர், குடிகாரர், சத்தம்போடும் இளைஞர். சாட்சியம் ஓர் ஆளைக் காட்ட, தீர்ப்பு இன்னோர் ஆளுக்குப் போகிறது. கட்டுரையின் நடை அவ்வளவு வழுவழுப்பானது என்பதால், வாசகன் இந்தத் தாவலைக் கவனிப்பதில்லை.

கட்டுரையின் உண்மையான பிரிவினை ஒழுங்கு, ஒழுங்கின்மை என்பதல்ல. வழமையானவர், அந்நியர் என்பதே. நியூவார்க்கிலிருந்து ஜேர்சி சிற்றி அதிக தூரமில்லை. அங்கே 1987இல் ‘டொட்பஸ்ரர்ஸ்’ என்று தம்மை அழைத்துக்கொண்டோர், இந்தியரை நகரைவிட்டு விரட்டுவோம் என்று உள்ளூர்ப் பத்திரிகைக்கே கடிதம் எழுதினார்கள். பொட்டு வைத்த பெண்களே அவர்கள் பெயரின் குறி. அதே ஆண்டு செப்ரெம்பரில், பக்கத்து ஹொபோக்கனில், இளைஞர் கூட்டமொன்று நவ்ரோஸ் மோடி என்ற வங்கி அலுவலரை அடித்துக் கொன்றது. வில்சனும் கெலிங்கும் இதற்குப் பொறுப்பாளிகள் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அவர்களுடைய கோட்பாட்டை வைத்து இதை விளக்கிப் பாருங்கள். இந்த இளைஞர்கள் அந்தத் தெருக்களில் அந்நியர் அல்லர், தெரிந்த முகங்கள். கெலி நிறுத்திக் கேள்வி கேட்டிருக்கக்கூடியவர், கொலையுண்டவரே.

கெலியின் கேள்வி எமக்குப் புதிதல்ல. அந்தக் கட்டுரை வெளிவந்த அதே 1982இல்தான், இலங்கையில் 1979இல் தற்காலிகமாகக் கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச்சட்டம் நிரந்தரமாக்கப்பட்டது. அடுத்த ஆண்டு யூலையில் கொழும்பில் யன்னல்கள் உடைந்தன. கவனிப்பாரற்ற ஒரு தெருவில் சிறிய ஒழுங்கின்மை பெரிய குற்றமாக வளர்ந்த கதையா அது? கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. எந்த வீடு, எந்தக் கடை என்று பார்த்து எரித்தார்கள். வெலிக்கடைச் சிறையில் இரு நாள்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். சிறையைவிட ஒழுங்கு நிறைந்த இடம் ஏது? சீருடை பார்த்துக்கொண்டு நிற்கையில் நடக்கும் குற்றத்துக்கு ‘உடைந்த யன்னல்க’ளில் ஒரு வசனம்கூட இடமில்லை.

பிறகு 2007 யூன் 7. கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் 300க்கும் மேற்பட்டோரை விடியுமுன் பொலிஸார் எழுப்பி, தலைநகரில் தங்குவதற்குத் தகுந்த காரணம் இல்லையென்று பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்கள். வைத்தியத்துக்கு வந்தவர், வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்தவர் எல்லோரும் அதில் அடக்கம். மறுநாள் உயர்நீதிமன்றம் அதைத் தடுத்து இடைக்கால உத்தரவிட்டது. பதில் திருப்தி இல்லை, அனுப்பிவிடு: கெலி தனியொருவனாகச் செய்ததை இங்கே ஓர் அரசு செய்தது.

வில்சன் யன்னலோடு நின்றுவிடவில்லை. 1985இல் ஹேர்ன்ஸ்டைனுடன் சேர்ந்து எழுதிய ‘குற்றமும் மனித இயல்பும்’ நூலில் உடலமைப்பு, அறிவுத்திறன் என்பவற்றையும் குற்றத்துடன் இணைத்துப் பேசினார். தமிழகத்துக்கு இந்தச் சிந்தனையின் பழைய வடிவம் தெரியும். சனங்கள் கைரேகைச் சட்டம் என்றழைத்த குற்றப் பரம்பரைச் சட்டம், பிறப்பையே குற்றத்தின் காரணமாக்கியது. அதை எதிர்த்த பிறமலைக் கள்ளர்மீது 1920 ஏப்ரல் 3இல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது.

கோட்பாட்டின் பிற்கால வரலாறு தெரிந்ததே. நியூ யோர்க்கில் 2011 என்ற ஒரே ஆண்டில் பொலிஸார் தெருவில் மறித்தது 6,85,000க்கும் அதிகமான தடவை. பெரும்பான்மையோர்மேல் எந்தக் குற்றமும் சாட்டப்படவில்லை. தொண்ணூறுகளில் நியூ யோர்க்கில் குற்றம் குறைந்தது உண்மை. அந்த வழியில் போகாத சான் டியேகோவிலும் குறைந்தது. கதை பிறந்த நியூவார்க்கிலேயே, பாதசாரிகளை மறித்த சம்பவங்களில் ஏறத்தாழ முக்கால்வாசிக்குப் பொலிஸார் சட்டபூர்வமான காரணம் காட்டவில்லை என்று 2014இல் அமெரிக்க நீதித்துறை அமைச்சு கண்டது. இது தன் கோட்பாட்டின் பிழை அல்ல, பிழையாகப் பிரயோகித்ததன் விளைவு என்று கெலிங் பிற்காலத்தில் வாதிட்டார்.

எம்மவரிடையே பெற்றோல் நிலையமும் மூலைக்கடையும் நடத்துவோர் இந்தக் கோட்பாட்டை விரும்புவது விளங்காத விடயமல்ல. கெலி கடைக்காரன் பக்கம் நிற்பவன். அதே வீட்டின் பதினேழு வயதுப் பையன் தலையை மூடிய குளிராடையுடன் இரவில் நடக்கும்போது அவன் கெலியின் கண்ணுக்கு யார் என்பதை அந்தக் கடைக்காரர்தான் யோசிக்கவேண்டும்.

கட்டுரையின் பிற்பகுதியில் வில்சனும் கெலிங்கும் தாமே ஒரு கேள்வியை எழுப்புகிறார்கள். வேண்டியவர், வேண்டாதவர் என்று பிரிக்கும்போது தோலின் நிறமும், வயதும், பிறந்த நாடும் அளவுகோலாகிவிடாமல் எப்படித் தடுப்பது? முற்றிலும் திருப்தியான பதில் தம்மிடம் இல்லை என்று ஒப்புக்கொள்கிறார்கள். பொலிஸாருக்குத் தக்க பயிற்சி கிடைக்கும் என்று நம்புவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை என்கிறார்கள். பிறகு அடுத்த பந்திக்குப் போய்விடுகிறார்கள். அவர்களை யாரும் நிறுத்தவில்லை.