காலஸின் சாரீரம்

ஓபரா பாடகி மரியா காலஸுக்கு நல்ல சாரீரம் கிடையாது. இதை ஒப்புக்கொள்ளாமல் அவரைப் புகழ்கிறவர்களை நான் நம்புவதில்லை. கீழ் ஸ்தாயியில் அடர்ந்து இருண்ட ஒரு குரல், நடுவில் துணி போட்டு மூடிய மாதிரி அமுங்கிய ஒரு குரல், மேலே கூர்மையான இன்னொன்று. மூன்றும் ஒருவருடையவைதானா என்று சந்தேகம் வரும். பிற்காலத்தில் உச்ச ஸ்வரத்தை நீட்டினால் ஆட்டம் கண்டுவிடும். வெறும் இனிமைதான் வேண்டுமென்றால் அதே காலத்தவரான ரெனாட்டா டெபால்டியைக் கேட்கலாம். நானும் கேட்பேன். ஆனால் மறுநாள் நினைவில் நிற்பது காலஸ் பாடியதுதான்.

1923இல் நியூயார்க்கில், கிரேக்கத்திலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தார். பதின்மூன்று வயதில் தாயோடு ஏதென்ஸ் போனார். அங்கே எல்விரா டி ஹிதால்கோ என்ற ஸ்பானிய ஆசிரியை, இந்தக் கனத்த குரலுக்குப் பிருகாக்களை மணிமணியாக உதிர்க்கக் கற்றுக்கொடுத்தார். அதன் பலன் 1949 ஜனவரியில் வெனிஸில் தெரிந்தது. வாக்னரின் போர்க்கன்னி புரூன்ஹில்டேயாகக் காலஸ் பாடிக்கொண்டிருந்தபோது, பெல்லினியின் ‘பூரித்தானி’ ஓபராவில் பாட வேண்டிய பாடகிக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. இசை நடத்துநர் செராஃபின் காலஸைப் பாடச் சொன்னார். ஒன்றுக்கு இடிக்குரல் வேண்டும், மற்றதற்குக் குருவித் தொண்டை. சில நாள் இடைவெளியில் இரண்டையும் பாடினார்.

பெல்லினி, டோனிசெட்டி ஆகியோருடைய ஓபராக்களின் நாயகிகளை அதுவரை பெரும்பாலும் மெல்லிய குரல்காரிகள் பாடி வந்தார்கள். பிருகா அழகுக்கு, அவ்வளவுதான். காலஸ் பாடும்போது அதே பிருகா பைத்தியமாகவும் ஆத்திரமாகவும் கெஞ்சலாகவும் மாறிவிடும்.

ஓர் இடத்தை மட்டும் சொல்கிறேன். வெர்டியின் ‘லா திராவியாட்டா’ இரண்டாம் அங்கம். காதலனின் தந்தை வந்து, தன் மகளுடைய கல்யாணம் நடக்க வேண்டுமானால் நீ என் பையனை விட்டு விலக வேண்டும் என்று நாயகி வயோலெட்டாவிடம் கேட்கிறார். அவள் சம்மதிக்கப் போகிறாள். சொல்வதற்குமுன் வாத்தியங்கள் ஓய, மேலே ஒரே ஒரு ஸ்வரம் மட்டும். 1958 மார்ச்சில் லிஸ்பனில் பாடிய பதிவில் அந்தக் கார்வையைக் காலஸ் பெரிதாக்கவே இல்லை. அசையாமல், மெலிசாக, மூச்சைப் பிடித்தபடி நிறுத்திவிட்டு, அங்கிருந்து கிட்டத்தட்ட பேச்சாகவே பாட்டுக்குள் இறங்குகிறார். தந்தை இன்னும் எதிரில் நிற்கிறார். இவள் அந்த வீட்டை விட்டு ஏற்கெனவே போய்விட்டாள் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. நல்ல சாரீரம் இருந்தால் இந்த இடத்தில் சாரீரத்தைத்தான் கேட்டிருப்போம்.

1964இல் லண்டனில் படமான ‘டோஸ்கா’ இரண்டாம் அங்கமும் அப்படித்தான். ஒயின் கிண்ணத்தை எடுக்க மேசைக்கு வருகிறவரின் பார்வை, பிறகு கொலை செய்யப்போகும் கத்தியின்மேல் படும் கணம். அங்கே பாட்டே இல்லை.

கப்பல் அதிபர் ஓனாசிஸோடு உறவு, இளைத்த உடம்பு, ரோமில் ஜனாதிபதி அமர்ந்திருக்க முதல் அங்கத்தோடு நின்ற ‘நோர்மா’ எல்லாம் பத்திரிகைக்குத் தீனி. 1965க்குப் பிறகு முழு ஓபரா எதிலும் அவர் மேடையேறவில்லை. 1977இல் பாரிஸில் 53 வயதில் இறந்தார். எனக்கு முக்கியமானது வேறு. 1957இல் மிலானின் லா ஸ்காலாவில் அவர் பாடிய ‘அன்னா பொலேனா’, மறந்துபோயிருந்த டோனிசெட்டி ஓபராக்களை மறுபடி மேடைக்குக் கொண்டுவந்தது. பின்னால் வந்த பாடகிகள் ஜோன் சதர்லண்டும் மொன்செராத் கபாயேவும் அந்தப் பாதையில் நடந்தவர்கள். அந்த சதர்லண்ட், 1952இல் லண்டனில் காலஸ் நோர்மாவாகப் பாடியபோது பணிப்பெண் வேடத்தில் கூடவே மேடையில் நின்றவர்.

புதிதாகக் கேட்க வருகிறவர்கள் 1953இல் விக்டர் டி சபாட்டா நடத்திய ‘டோஸ்கா’ இசைத்தட்டில் தொடங்கலாம். பதிவு துல்லியம், குரலும் உச்சத்தில் இருந்த காலம். லிஸ்பன் பதிவைப் பிறகு எடுங்கள். வரி எடுத்துக்கொடுப்பவரின் குரல் அதில் பாட்டுக்கு நடுவே கேட்டுக்கொண்டே இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.