பாதி தண்ணீரில், பாதி காற்றில்!

கடலே இல்லாத ஊர்க்காரனுக்குக் கடல் பைத்தியம் பிடித்தால் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமா? என்னைப் பாருங்கள். பெங்களூரு பீன்யாவில் கியர் வெட்டும் பட்டறையில் வேலை. தண்ணீர் என்றால் எங்களுக்கு அல்சூர் ஏரி, அதை விட்டால் குழாயில் வருகிற காவேரி, அவ்வளவுதான். ஆனால் பவர்போட் ரேஸ் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், கையில் இருக்கிற டீ ஆறிப்போவது கூடத் தெரியாமல் பேசிக்கொண்டே இருப்பேன். பட்டறைப் பையன்கள் என்னைப் பார்த்ததும் "அண்ணன் போட்டை எடுத்துட்டாரு, ஓடுங்கடா" என்பார்கள். ஓடட்டும். நீங்கள் உட்காருங்கள்.

பைத்தியம் பிடிக்கக் காரணம் பெவல் கியர். சிரிக்காதீர்கள்! அவென்யூ ரோட்டில் பழைய புத்தகக் குவியலைக் கிளறிக்கொண்டிருந்தபோது அட்டை கிழிந்த ஒரு படகுப் பத்திரிகை கையில் சிக்கியது. உள்ளே ஒரு வெட்டுப்படம். படகின் பின்பக்கத்துக்கு உள்ளே எஞ்சின், பின்சுவரைத் துளைத்து வெளியே வரும் ஷாஃப்ட், அங்கே ஒரு பெவல் ஜோடி சுழற்சியை அப்படியே 90 டிகிரி கீழே திருப்புகிறது, கீழே இன்னொரு பெவல் ஜோடி மறுபடி 90 டிகிரி பின்னால் திருப்புகிறது, முடிவில் புரொப்பல்லர். நான் தினமும் வெட்டுகிற அதே பல்லு, அதே சாய்வு, போய் அலைக்குள் நின்று வேலை செய்கிறது! அந்தப் படத்தை நடுரோட்டில் நின்றபடி எவ்வளவு நேரம் பார்த்தேனோ, பின்னால் ஆட்டோக்காரர் கன்னடத்தில் என் பரம்பரையையே விசாரித்த பிறகுதான் நகர்ந்தேன்.

அந்த நாளிலிருந்து எனக்கு ஒரே வாதம்தான். கடல் ரேஸின் கதை எஞ்சினின் கதை அல்ல. பலமான எஞ்சின் எப்போதோ வந்துவிட்டது. அந்தப் பலத்தைக் குதிக்கிற, வழுக்குகிற, ஒரு நொடி கூட ஓரிடத்தில் நிற்காத தண்ணீருக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்பதில்தான் மொத்த ஆட்டமும் இருக்கிறது.

நினைத்துப் பாருங்கள், 1956. அமெரிக்காவின் மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளின் நாசோ வரை, ஏறக்குறைய 300 கிலோமீட்டர், நடுவில் கல்ஃப் ஸ்ட்ரீம் என்கிற பெரும் நீரோட்டம். ரெட் கிரைஸ் என்பவர் அதில் மோட்டார் படகு ரேஸ் வைக்கிறார். ஜெயித்தது சாம் கிரிஃபித், கூடவே டிக் பெர்ட்ராம். அந்தக் காலத்துப் படகுகளின் அடிப்பாகம் முன்னால் கூர்மையாக ஆரம்பித்துப் பின்னால் போகப் போகத் தட்டையாகிவிடும். ஏரியில் அது பறக்கும். கடலில் ஒவ்வொரு அலையிலிருந்து இறங்கும்போதும் துவைக்கிற கல்லில் ஈரப் போர்வையை ஓங்கி அடிப்பது மாதிரி அடி. பலகை பிளக்கும், மனிதனின் முதுகெலும்பும் சேர்ந்து பிளக்கும். அதனால் எஞ்சினில் பலம் இருந்தும் ஓட்டுகிறவன் கையைத் தளர்த்தித்தான் ஆக வேண்டும்.

அப்புறம் வந்தார் படகு வரைகிற ரே ஹன்ட். என்ன செய்தார்? கூர்மையை நிறுத்தவே இல்லை! முன்னாலிருந்து பின்சுவர் வரை அடிப்பாகம் முழுக்க V வடிவம், பின்முனையில் கூட ஏறக்குறைய 24 டிகிரி சாய்வு. 1958-இல் நியூபோர்ட்டில் அமெரிக்காஸ் கப் பாய்மரப் போட்டி நடந்தபோது ஹன்டின் சின்னப் படகு ஒன்று பெரிய அலையில் சர்வ சாதாரணமாக ஓடுவதைப் பெர்ட்ராம் பார்த்துவிட்டார். பார்த்தவர் சும்மா இருப்பாரா? அதே அடிப்பாகத்தோடு 30 அடியில் தனக்கு ஒன்று கட்டச் சொல்லி, மனைவியின் செல்லப் பெயரான 'மாப்பி'யை அதற்கு வைத்து, 1960 மயாமி-நாசோ ரேஸில் இறக்கினார். அன்றைக்குக் கடல் கொந்தளிப்பு. மாப்பி எட்டு மணி நேரத்தில் நாசோ போய்ச் சேர்ந்துவிட்டது. இரண்டாவது படகு வர வெகு நேரம் ஆனது. மூன்றாவது படகு? மறுநாள்தான் வந்தது சார், மறுநாள்! இதை எழுதும்போதே எனக்குக் கை நடுங்குகிறது.

அந்த இரண்டாவது படகு இருக்கிறதே, அதுதான் என் உயிர். பெயர் அக்வா ஹன்டர், ஓட்டியவர் ஜிம் வின். படகு எஞ்சின் செய்யும் மெர்குரி நிறுவனத்தில் கார்ல் கீக்ஹேஃபரிடம் பொறியாளராக இருந்துவிட்டு வெளியே வந்தவர். எஞ்சினை உள்ளே வைத்தால் பலம் கிடைக்கும், ஆனால் நீண்ட சாய்ந்த ஷாஃப்டும் தனிச் சுக்கானும் தண்ணீருக்குள் இழுபடும். எஞ்சினே வெளியே தொங்கும் அவுட்போர்டு என்றால் புரொப்பல்லர் இருக்கும் முழுக் காலையும் திருப்பலாம், தூக்கலாம், ஆனால் அன்றைக்கு அதில் பலம் போதாது. வின் இரண்டையும் கல்யாணம் செய்து வைத்தார். எஞ்சின் உள்ளே, கால் வெளியே, நடுவில் யுனிவர்சல் ஜாயின்ட், இரண்டு பெவல் ஜோடி. சுவீடனின் வோல்வோ பென்டா அதை 1959-இல் அக்வாமேட்டிக் என்று நியூயார்க் படகுக் கண்காட்சியில் கொண்டுவந்து வைத்தது. 1961-இல் கீக்ஹேஃபரே தன் பங்குக்கு மெர்குரூசரை இறக்கினார். பழைய சிஷ்யனின் யோசனைக்குப் பழைய முதலாளி போட்டி! நான் அவென்யூ ரோட்டில் பார்த்த படம் இதேதான்.

இப்போது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கதை நம்ம ஊருக்கு வருகிறது. இந்த ரேஸ் வரலாற்றில் பெரிய மூளைகளில் ஒன்று பம்பாயில் வேலை செய்த மூளை! ரெனாட்டோ லீவி, எல்லோருக்கும் சன்னி லீவி. இத்தாலியக் குடும்பம், 1926-இல் கராச்சியில் பிறப்பு, பம்பாயில் அப்பாவின் படகுப் பட்டறையில் தொழில். பாய்மரத் தோணிகள் வந்துபோகும் அந்தத் துறைமுகத்துத் தண்ணீரைப் பார்த்துப் பார்த்துப் படகு வரைந்தவர். 1971-இல் எழுதிய புத்தகத்துக்கே 'தௌஸ் டு டெல்டாஸ்' என்று பெயர் வைத்தார், தோணியில் தொடங்கி முக்கோணப் படகில் முடிகிற வாழ்க்கை. 1960 வாக்கில் இத்தாலியின் ஆன்சியோவுக்குப் போனார். இங்கிலாந்தில் சர் மேக்ஸ் எய்ட்கன் 1961-இல் தொடங்கிவைத்த கௌஸ்-டார்க்கி ரேஸை லீவியின் அ'ஸ்பெரன்சியெல்லா 1963-இல் ஜெயித்தது. 1967-இல் அதே ரேஸை அவர் வரைந்த சர்ஃப்யூரி ஜெயித்தது, அதில் இரண்டு எஞ்சின் ஒன்றன் பின் ஒன்றாக நின்று ஒரே புரொப்பல்லரைச் சுற்றின! 1986-இல் ரிச்சர்ட் பிரான்சன் அட்லாண்டிக்கை 3 நாள் 8 மணி 31 நிமிடத்தில் கடந்தாரே வர்ஜின் அட்லாண்டிக் சேலஞ்சர் II, அதுவும் லீவி வரைந்ததுதான். கராச்சியில் பிறந்து பம்பாயில் கை பழகியவர், நம் பாடப்புத்தகத்தில் ஒரு வரி கூட இல்லை. எனக்கு மட்டும் அதிகாரம் இருந்தால் சிலையே வைத்திருப்பேன், உளியை நானே எடுத்துக் கொடுப்பேன்.

அவருடைய உச்சகட்டக் கிறுக்கு, என்னைப் பொறுத்தவரை, சர்ஃபேஸ் டிரைவ். புரொப்பல்லரை யாராவது பாதி தண்ணீருக்கு வெளியே வைப்பார்களா? வைத்தார்கள்! வேகம் ஏற ஏற மூழ்கிய புரொப்பல்லரின் இதழ் முதுகில் அழுத்தம் குறைந்து தண்ணீர் ஆவிக் குமிழ்களாகும், அந்தக் குமிழ்கள் சட்டென்று நொறுங்குகிற அடியில் உலோகமே அரித்துப் போகும். அதோடு ஷாஃப்டும் அதைத் தாங்கும் பிராக்கெட்டும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வருகிற இழுவை வேறு. சரி, இதழ் ஒவ்வொரு சுற்றிலும் வெளியே வந்து காற்றைக் கூட்டிக்கொண்டு உள்ளே போகட்டும், ஆவிக் குமிழுக்குப் பதில் காற்று நிற்கட்டும், ஷாஃப்ட் முழுக்க வெளியே இருக்கட்டும் என்றால் ஒரே அடியில் இரண்டு தொல்லையும் ஒழிந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கனடாவைச் சேர்ந்த ஆல்பர்ட் ஹிக்மன் இதைச் செய்து பார்த்தவர். லீவி அதை எடுத்துத் தன் பெயரிலேயே ஒரு டிரைவாக்கினார். ஹோவர்ட் ஆர்னசன் என்று இன்னொருவர், நீச்சல் குளத்தைத் தானே சுத்தம் செய்யும் கருவியைக் கண்டுபிடித்த மனுஷன், திருப்பக்கூடிய, ஏற்றி இறக்கக்கூடிய சர்ஃபேஸ் டிரைவைக் கொண்டுவந்தார். படகுக்குப் பின்னால் சேவல் வால் மாதிரி வானத்துக்குத் தண்ணீர் எழும்புகிறதே, அது அந்தப் பாதி வெளியே நிற்கிற இதழ்களின் கையெழுத்து.

இதெல்லாம் காகிதத்தில் படித்தது. கண்ணால் பார்த்தது 2017 மார்ச்சில், மும்பை மரைன் டிரைவில், P1 பவர்போட் ரேஸ் வந்தபோது. "போட் பாக்கவா பம்பாய்க்குப் போறீங்க? அல்சூர்லயே நிறைய மிதக்குதேங்க" என்றாள் மனைவி. பதில் சொல்லாமல் உத்யான் எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டேன். கேளுங்கள், காட்சியை அப்படியே சொல்கிறேன். தலைக்கு மேல் மார்ச் வெயில், கையில் வேர்க்கடலைப் பொட்டலம், முன்னால் பழுப்புப் பச்சைக் கடல், தூரத்தில் தேனீ ரீங்காரம் போல ஒரு சத்தம் ஆரம்பிக்கிறது, அது ஏறுகிறது, ஏறுகிறது, நெஞ்சுக்கூட்டுக்குள் வந்து உட்காருகிறது, அப்புறம் 28 அடிப் படகுகள், ஒவ்வொன்றின் பின்னாலும் 250 குதிரைத்திறன் அவுட்போர்டு, உள்ளே ஹெல்மெட் போட்ட இரண்டு பேர், ஒருவர் ஓட்ட ஒருவர் வழி பார்க்க, வரிசை கட்டி வந்து அலை முதுகில் மோதி எகிறுகின்றன, எகிறிய அந்தக் கண நேரத்தில் புரொப்பல்லர் தண்ணீரை விட்டுவிடுகிறது, சுமை போன எஞ்சின் கீச்சென்று அலறுகிறது, படகு மறுபடி விழ, புரொப்பல்லர் தண்ணீரைக் கவ்வ, அலறல் உறுமலாக இறங்குகிறது, உடனே அடுத்த அலை, மறுபடி அலறல், மறுபடி உறுமல், ஐயோ! அந்த இரண்டு சத்தத்துக்கும் நடுவில்தான் ஹன்ட், வின், லீவி எல்லோரும் வாழ்நாளைச் செலவழித்தார்கள் என்பது அந்த நொடியில் என் காதுக்குப் புரிந்தது. கார் ரேலி வீரர் கௌரவ் கில் ஓட்டினார், டக்கார் ரேலியை முடித்த முதல் இந்தியரான எங்கள் பெங்களூரு சி.எஸ்.சந்தோஷும் ஓட்டினார். எந்தப் படகில் எந்த ஹெல்மெட் அவருடையது என்று எனக்குப் பிடிபடவே இல்லை, அதனால் எல்லாப் படகுக்கும் சேர்த்து "சந்தோஷ்! சந்தோஷ்!" என்று கத்தினேன். பொட்டலம் எப்போது கடலுக்குள் போனது என்று தெரியாது, பக்கத்தில் நின்ற அறிமுகமில்லாத மராத்திக்காரரைக் கட்டிப்பிடித்திருந்தேன், அவரும் விடவில்லை. கீழ்க்கியர் பெட்டிக்குள் சுழல்கிற பெவலை நினைத்துக் கண்ணில் தண்ணீர் வந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? வந்தது.

பெட்ரோலைக் குடிக்கும், காதைக் கிழிக்கும், காசுக்காரன் விளையாட்டு என்பார்கள். ஆமாம், ஆமாம், இருக்கட்டும்.

மறுபடி எங்காவது வந்தால், மங்களூரோ சென்னையோ, நான் சொல்கிறபடி செய்யுங்கள். தொடக்கக் கோட்டில் கூட்டத்தோடு நிற்காதீர்கள், மிதவையைச் சுற்றித் திரும்புகிற இடத்துக்கு நேர் எதிரே போங்கள். அங்கேதான் படகு ஒருக்களிக்கும், அடிப்பாகத்தின் V முழுக்கத் தெரியும், புரொப்பல்லர் தண்ணீரை விடுவதும் பிடிப்பதும் கண்ணுக்கு நேராக நடக்கும். பைனாகுலரைக் கடனாகவாவது வாங்குங்கள். கடலையை முதலிலேயே தின்று தீர்த்துவிடுங்கள், கை இரண்டும் காலியாக வேண்டும். அப்புறம் வாய்விட்டுக் கத்துங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கப் போகிறது!