சமையலறையில் ஒரு கண்டிப்பு

ஜப்பானின் டோமோயி பள்ளியை நேசிப்பவர்களில் பெரும்பாலோர் ரயில்பெட்டி வகுப்பறைகளைப் பார்த்தே மயங்கி நின்றுவிடுகிறார்கள். அதைப் பற்றிய நூலை இன்னும் ஆழ்ந்து படித்தவர்கள், வேறு பள்ளி வெளியேற்றிய சிறுமி பேசப் பேச, தலைமையாசிரியர் நான்கு மணி நேரம் அலுக்காமல் கேட்ட முதல் நாளைச் சொல்வார்கள். இரண்டுமே அழகுதான். ஆனால் அந்தத் தலைமையாசிரியர் சொசாகு கோபயாஷியின் தேர்ந்த கை எனக்குத் தெரிவது சமையலறையில். மனிதனுக்கு முன்பு வால் இருந்ததைப் பற்றி வகுப்பில் பேச்சு வந்தபோது, உனக்கு வால் இருக்கிறதா என்று மாணவன் தகஹாஷியிடம் ஆசிரியை விளையாட்டாகக் கேட்டுவிட்டார். வளர்ச்சி நின்றுபோன உடல் அவனுக்கு. அன்றே கோபயாஷி அவரைக் கடுமையாகக் கண்டித்தார். ஆசிரியர் அறையில் அல்ல, சக ஆசிரியர்கள் இல்லாத சமையலறையில்.

அந்தக் கோபத்தின் அளவு புரிய விளையாட்டு விழாவை நினைத்துப் பார்க்க வேண்டும். குட்டைக் கால்களுக்குச் சாதகமான போட்டிகளாகவே கோபயாஷி அமைத்திருந்தார். எல்லாவற்றிலும் தகஹாஷிதான் முதலிடம். பரிசு, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைக்கும் காய்கறி. அப்படிப் பார்த்துப் பார்த்து வளர்த்த தன்னம்பிக்கையை ஒரு வேடிக்கைக் கேள்வி சாய்த்துவிடும். இருந்தும், கொதித்த அந்த நேரத்திலும் ஆசிரியையின் மானத்தை அவர் காத்தார். சக ஆசிரியர்கள் முன் தலைகுனிந்தவர் மறுநாள் வகுப்புக்குள் நுழையும்போது அந்தக் குன்றலும் கூடவே நுழையும். அதைச் சுமக்கப்போவது பிள்ளைகள். ஆகவே ஆசிரியையைக் காத்ததும் பிள்ளைகளைக் காத்ததுதான்.

எல்லோர் முன்னும் நடந்த தவறுக்கு எல்லோர் முன்னும்தானே திருத்தம் வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் வகுப்பில் மன்னிப்புக் கேட்க வைத்தால் வால் என்ற சொல் மறுபடி ஒலிக்கும். ஐம்பது பேர் படித்த சின்னப் பள்ளியில் எல்லாக் கண்ணும் மறுபடி அந்த உடலைத் தேடும். சின்னப் பள்ளி என்பதால் முடிந்தது என்பாருக்கும் பதில் உண்டு: ரயில்பெட்டி வாங்கப் பணம் வேண்டும், கதவைச் சாத்திவிட்டுக் கண்டிக்க எதுவும் வேண்டாம். இன்றோ ஆய்வுக் கூட்டத்தில் ஆசிரியரை எழுப்பி நிறுத்திக் கேட்பதும், வாட்ஸ்அப் குழுவில் பெயர் போட்டுக் கண்டிப்பதும் நிர்வாகத் திறமை என்று பாராட்டப்படுகின்றன. அதனால் கிடைப்பது பணிவு. நம்பிக்கை அந்த வழியில் வருவதில்லை.

1945இல் குண்டுவீச்சில் பள்ளி எரிந்தது. முதல் நாளில் பேசிய அந்தச் சிறுமி, டெட்சுகோ குரோயாநாகி, பள்ளியைப் பற்றி எழுதிய நூல் வந்தது 1981இல். அத்தனை ஆண்டு கழித்தும் அவர் நினைவில் அந்தச் சமையலறை இருந்தது. உள்ளே நடந்த பேச்சு சிறுமியின் காதில் விழுந்தது தற்செயல். கோபயாஷி அதை அறியவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தபோதும் அவர் அப்படித்தான் நடந்துகொண்டார் என்பதற்கு அந்தச் சிறுமியே சாட்சி.