ஷட்டவுன் நாளில் வாத்தியார் எங்கே?

பொறியியல் கல்லூரிகளில் பாடம் எடுக்கும் பலர், எம்.இ. முடித்த கையோடு வகுப்பறைக்கு வந்தவர்கள். ஆலையில் ஒரு மாதச் சம்பளம்கூட வாங்கியிராதவர், நாளை ஆலைக்குப் போகவிருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். இந்தக் குறையைத் தீர்க்கத்தான் தொழில்நுட்பக் கல்வியை நெறிப்படுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. புதிய ஆசிரியர்களுக்கான பயிற்சியில் தொழிலகப் பயிற்சியையும் ஒரு கட்டமாக வைத்தது. நோக்கத்தில் பிழை இல்லை. ஆனால் விடுமுறையில் சில வாரம் ஆலைக்குப் போய், சான்றிதழோடு திரும்பி, அதைப் பதவி உயர்வுக் கோப்பில் சேர்ப்பது அனுபவம் ஆகாது என்பது என் கருத்து. தவறினால் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நிற்கும்போதுதான் அனுபவம் வருகிறது. பார்வையாளருக்கு அந்தப் பொறுப்பு கிடையாது.

மும்பையின் செம்பூரை எடுத்துக்கொள்வோம். மாஹுல் பக்கம் 1950களின் நடுவிலிருந்து இயங்கும் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், அருகிலேயே உரத் தொழிற்சாலை, அனல்மின் நிலையம். வேதிப் பொறியியல் ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் வேண்டுமா? ஆனால் குறுகிய பயிற்சிக்குப் போகிறவருக்குக் கேட் பாஸும் பாதுகாப்பு வகுப்பும் முடியவே நாட்கள் ஓடிவிடும். பிறகு கட்டுப்பாட்டு அறையில் யாரோ ஒருவரின் முதுகுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்க்கலாம். ஆலை தன் உட்புறத்தைத் திறந்து காட்டுவது, பராமரிப்புக்காக அதை நிறுத்தும் ஷட்டவுன் நாட்களில்தான். வெப்பப் பரிமாற்றியின் குழாய்க் கட்டை வெளியே இழுத்துப் போடுவார்கள். குழாய்களைச் சுற்றிக் கறுப்பாக இறுகிய படிவை உயர் அழுத்த நீரால் பெயர்ப்பார்கள். பாடப்புத்தகத்தில் இந்தப் படிவைக் குறிக்கும் ‘ஃபவுலிங் ஃபேக்டர்’ என்பது அட்டவணையிலிருந்து எடுத்துச் சமன்பாட்டில் போடும் ஓர் எண். அந்த எண்ணுக்கு இவ்வளவு கனமும் நாற்றமும் செலவும் உண்டு என்பது அங்கேதான் புரியும். ஷட்டவுன் தேதியைக் குறிப்பது ஆலை. கல்லூரி விடுமுறைக்காக அது காத்திருக்காது. ஆசிரியரை எப்போது அனுப்புவது என்பதைக் கல்லூரி நாட்காட்டி முடிவு செய்யும் வரை இந்தப் பயிற்சி பாதி வீண்தான்.

ஆலையோடு உறவு நீண்டகாலமானதாக இருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அதே மும்பையின் மாட்டுங்காவிலேயே சான்று இருக்கிறது. 1933-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் வேதித் தொழில்நுட்பத் துறையாகத் தொடங்கி இன்று ஐ.சி.டி. என்று அறியப்படும் நிறுவனத்தில், ஆசிரியர்கள் ஆலைகளுக்கு ஆலோசகர்களாக இருப்பது பழைய வழக்கம். 1964-இல் 27 வயதில் அங்கே பேராசிரியராகச் சேர்ந்த எம்.எம். சர்மா, ஆலைகளோடு நெருங்கிப் பழகிக்கொண்டே உயர்ந்த ஆய்வும் செய்தார். 1990-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். தொழில் தொடர்பு ஆய்வைக் கெடுத்துவிடும் என்று அஞ்சுபவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

ஆசிரியர் ஒரே தொழிலின் ஆளாக மாறிவிடுவார் என்ற எதிர்வாதம் மட்டும் கனமானது. அதே மாட்டுங்காவில் இருக்கும் வி.ஜே.டி.ஐ. 1887-இல் தொடங்கப்பட்டபோது, பஞ்சாலைகளுக்கு ஆள் பயிற்றுவிப்பது அதன் முக்கிய வேலை. 1982-இன் மாபெரும் வேலைநிறுத்தத்துக்குப் பின் அந்த ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. ஒரு தறியின் நுணுக்கத்தை மட்டும் கற்ற ஆசிரியரிடம் அப்போது எஞ்சுவது கொஞ்சமே. நூலின் இழுவிசை, இயந்திர அதிர்வு என்று அடிப்படையைப் பிடித்தவருக்கு வேறு ஆலையிலும் வேலை உண்டு. ஆகவே ஆசிரியர் கையில் ஒரு கேள்வியோடு போக வேண்டும். எந்திரத்தைப் பழகிவிட்டு வந்தால் மட்டும் போதாது.

கேள்விகளுக்குத் தொலைதூரம் போகவும் வேண்டாம். மாட்டுங்காவிலிருந்து சிறிது தூரத்தில் தாராவியின் 13வது காம்பவுண்டில், பிளாஸ்டிக் பிரிப்பவர்கள் ஒரு டப்பாவின் ஓரத்தைத் தீயில் காட்டி, புகையை முகர்ந்தே அது எந்த வகை என்று சொல்கிறார்கள். பெட் பாட்டில்களோடு கொஞ்சம் பி.வி.சி. கலந்தாலும் உருக்கும்போது அமிலம் உண்டாகி மொத்தச் சரக்கும் மஞ்சளாகிவிடும். பாலிமர் பாடம் நடத்துபவருக்கு இது ஆய்வுப் பொருள். அந்தப் புகையை நாள் முழுதும் சுவாசிக்கும் தொழிலாளிக்கோ நுரையீரல் பிரச்சினை. முகராமலே பிரித்தறியும் மலிவான கருவியை அங்கேயே உட்கார்ந்து செய்து பார்க்கும் ஆசிரியர், பெரிய ஆலையில் மாதக்கணக்கில் வேடிக்கை பார்த்தவரைவிட அதிகம் கற்பார். இதெல்லாம் ‘இண்டஸ்ட்ரி’ கணக்கில் வராது என்ற எண்ணத்தைத்தான் மாற்ற வேண்டும்.

சில வாரம் போதாது என்று ஆசிரியர் ஒரு செமஸ்டர் முழுக்கப் போய்விட்டால் வகுப்பை யார் எடுப்பது? நியாயமான கேள்வி. 15 ஆண்டு அனுபவமுள்ளவர்களை ‘நடைமுறைப் பேராசிரியர்’களாக அமர்த்த 2022-இல் யு.ஜி.சி. வழி திறந்தது. ஆலைப் பொறியாளர் வகுப்புக்கு வரும் அதே காலத்தில் ஆசிரியர் ஆலைக்குப் போகலாம். ஆசிரியர் பயிற்சி, நடைமுறைப் பேராசிரியர் என்ற இரண்டு திட்டங்களும் இன்று தனித்தனிக் கோப்புகளாகக் கிடக்கின்றன. ஜெர்மனியின் பயன்முறை அறிவியல் பல்கலைக்கழகங்களில் பேராசிரியராக ஐந்தாண்டுப் பணி அனுபவம் வேண்டும். அதில் மூன்றாண்டு பல்கலைக்கழகத்துக்கு வெளியே பெற்றதாக இருக்க வேண்டும். நாம் அந்த அளவுக்குப் போக முடியாவிட்டாலும், முழுச் சம்பளத்தோடு ஒரு செமஸ்டர் தரலாம்.

திரும்பி வந்தபின் சான்றிதழைக் கேட்பதைவிட, அவர் தயாரிக்கும் அடுத்த வினாத்தாளைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். ஃபவுலிங் ஃபேக்டரைக் கொடுத்துப் பரப்பளவைக் கணக்கிடச் சொல்லும் பழைய கேள்வியே அதில் இருக்கிறதா, அல்லது மாதாமாதம் குறைந்துவரும் வெப்பநிலைப் பதிவைக் கொடுத்து, எப்போது ஆலையை நிறுத்திக் குழாயைக் கழுவுவீர்கள் என்று கேட்கிறாரா?