ஆறு நிமிடக் கணக்கு

கொலனோஸ்கோபி முடிந்து வெளியே வந்ததும் ஒரு ஃபீட்பேக் படிவம் நீட்டினார்கள். ஏ.சி. சரியாக இருந்ததா, நர்ஸ் அன்பாகப் பேசினாரா, காபி சூடாக இருந்ததா? மயக்கம் முழுசாகத் தெளியாத நிலையில் எல்லாவற்றுக்கும் ‘மிக நன்று’ போட்டுவிட்டேன். முக்கியமான கேள்வி அதில் இல்லை. எனக்கும் அப்போது தெரியாது.

இந்தச் சோதனையில் குழாய் உள்ளே போவது பெரிய விஷயமில்லை. பெருங்குடலின் கடைக்கோடி வரை போய்விட்டு, மெல்ல வெளியே இழுக்கும்போதுதான் மடிப்பு மடிப்பாகத் தேடுகிறார்கள். பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடிய அடினோமா என்கிற சின்ன வளர்ச்சி அகப்பட்டால் அங்கேயே வெட்டி எடுத்துவிடலாம். கண்ணில் படாமல் போனால்? ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று வரும். குடலில் ஒன்றுமே இல்லாதவருக்கும் அதே ‘நார்மல்’தான்!

அமெரிக்காவில், இல்லினாய் மாநிலத்து ராக்ஃபோர்டில், 12 டாக்டர்களை வைத்து இதை அளந்து பார்த்தார்கள். 2006-ல் முடிவு வெளிவந்தது. வெட்ட ஒன்றும் இல்லாத சோதனைகளில் ஒருத்தர் சராசரியாக மூன்றே நிமிடத்தில் குழாயை உருவிவிடுகிறார். இன்னொருத்தர் 16 நிமிடத்துக்கு மேல். சராசரி ஆறு நிமிடத்தைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு 28 பேரிடம் வளர்ச்சியைக் கண்டுபிடித்தார்கள். அவசரக்காரர்கள் கண்டுபிடித்தது சுமார் 12 பேரிடம். ஊர் ஒன்று, மெஷின் ஒன்று, வித்தியாசத்தைப் பாருங்கள்.

ஆக, டாக்டருக்கு மார்க் வந்தது. நூறு பேரைச் சோதித்தால் எத்தனை பேரிடம் அடினோமா கண்டுபிடிக்கிறார்? கலிஃபோர்னியாவில் 136 டாக்டர்களை ஆராய்ந்து 2014-ல் வெளியிட்டதில், குறைந்த மார்க் 7 சொச்சம், அதிகபட்சம் 52 சொச்சம். டாக்டரின் மார்க் ஒன்று கூடினால், அவரிடம் போனவர்களுக்குப் பிற்பாடு குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 3 சதவீதம் குறைகிறது. 2024-ல் அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் பாஸ் மார்க்கை 25-லிருந்து 35 ஆக்கிவிட்டன.

நான் பி.காம். ஆடிட்டிங் பேப்பர் எழுதியவனுக்கு எந்தக் கணக்கைப் பார்த்தாலும் முதலில் ஓட்டைதான் தெரியும். இந்த மார்க், எத்தனை பேரிடம் என்றுதான் எண்ணுகிறது. ஒருவரிடம் எத்தனை என்று எண்ணுவதில்லை. உங்கள் குடலில் முதல் அடினோமா கிடைத்ததுமே டாக்டருக்கு முழு மார்க். இரண்டாவது, மூன்றாவதைத் தேட அவருக்கு மனசாட்சி வேண்டும், அவ்வளவுதான்.

நிமிடக் கணக்கும் அப்படித்தான். பாஸ்டனில் ஒரு மருத்துவமனை, குறைந்தது ஏழு நிமிடம் பார்த்தே ஆகவேண்டும் என்று விதி போட்டது. ஏறக்குறைய எல்லா டாக்டர்களும் கீழ்ப்படிந்தார்கள். கண்டுபிடிப்பு மட்டும் கூடவில்லை என்று 2008-ல் எழுதினார்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்களோ என்னவோ.

அதற்காக மார்க்கே வேண்டாம் என்பீர்களா? நான் சொல்லமாட்டேன். ஓட்டை இருந்தாலும் கணக்கு கணக்குதான். என் புகார் வேறு. காபி சூட்டைப் பற்றி என்னிடம் கேட்டவர்கள், என் டாக்டரின் மார்க்கை ஏன் என்னிடம் சொல்லவில்லை?

என் ரிப்போர்ட்டில் ‘நார்மல், பத்து வருடம் கழித்து வரவும்’ என்று இருக்கிறது. போன வாரம் அந்த ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு, “குழாயை வெளியே எடுக்க எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு குறிச்சு வெச்சிருக்கீங்களா?” என்று கேட்டேன்.

“டைம் கணக்கா? அதெல்லாம் பில்லிங் செக்‌ஷன்ல கேளுங்க சார்” என்றார் அந்தப் பெண்.