வகையும் வழுவமைதியும்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் இலங்கைக் கரையைத் தாக்கிய ஆழிப்பேரலையால் மிகப் பேரிழப்பை எய்தியது அம்பாறை மாவட்டமாகும். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது முதலிய ஊர்களின் கரையோரத் தெருக்கள் அழிந்தன. மாவட்டத்தில் மாண்டோர் 10,000க்கு மேற்பட்டோர். காணாமற் போனோரையும் முகாம்களில் ஒதுங்கியோரையும் பதிந்து தேடுதற்பொருட்டு, இலங்கைக் கணினி வல்லுநர் சில வாரங்களுள் ஆக்கியதே 'சஹானா' என்னும் செயலி. அது விரைந்து எழுதுதற்கு ஏற்ற பி.எச்.பி. மொழியில் எழுதப்பட்டது.

அம்மொழி வகைக் கட்டுப்பாடு நெகிழ்ந்தது. எண்ணை எழுத்துச்சரமாகவும் எழுத்துச்சரத்தை எண்ணாகவும் கேளாமலே மாற்றிக்கொள்ளும். கல்முனைத் தொலைபேசி இலக்கம் 067 எனத் தொடங்குவது. எண்ணாக மாறின் முன்னின்ற சுழியம் மறையும். அந்நாளைய அடையாள அட்டை இலக்கம் ஒன்பது இலக்கங்களும் இறுதியில் ஓர் ஆங்கில எழுத்தும் உடையது. எண்ணாக மாறின் அவ்வெழுத்து உதிரும். சஹானாவில் இவ்வாறு நிகழ்ந்தது என்பது கருத்தன்று. ஆயினும் இத்தகைய பதிவேட்டில் ஓரிடத்தில் சுழியத்தோடும் பிறிதோரிடத்தில் சுழியமின்றியும் இலக்கம் நிற்குமாயின், மகனைத் தேடிவரும் தாய்க்குக் கிடைக்கும் விடை 'இல்லை' என்பதே.

2015 டிசம்பரில் வந்த 7ஆம் பதிப்பு இக்குறை நீக்க ஒரு வழி செய்தது. செயற்கூறு ஏற்கும் பொருள் முழு எண்ணோ, பின்ன எண்ணோ, எழுத்துச்சரமோ என அறிவிக்கலாம். கோப்பின் தலைப்பில் ஒரு வரி எழுதின் அவ்வறிவிப்பு கண்டிப்பாகக் காக்கப்படும். எழுதாவிடில் பழைய நெகிழ்ச்சியே தொடரும். எண்ணிறந்த பழைய நிரல்கள் முறியாமற் காத்தமை இதன் சிறப்பு. குறை யாதெனின், அவ்வரி அக்கோப்பிலிருந்து எழும் அழைப்புகளையே ஆள்கின்றது. செயற்கூற்றை எழுதியவர் எத்துணைக் கண்டிப்புடையராயினும், அழைப்பவர் கோப்பில் அவ்வரி இல்லையெனின் 067 என்னும் சரம் எண்ணாகி உள்ளே நுழையும். காவலனை வைக்கும் உரிமை வீட்டாருக்கன்றி வருவோருக்கு அளிக்கப்பட்டது போலும்!

தமிழிலக்கணம் இதனை வேறு வகையாற் கையாண்டது. நன்னூலார் வழுவைத் திணை முதலாக ஏழாகப் பகுத்து முதலில் விலக்கினார். பின்னரே காரணங் காட்டி வழுவமைதி வகுத்தார். பசுவை அம்மை எனல் உவகைபற்றி அமைந்தது. அங்கே விதி பொது, நெகிழ்ச்சி சிறப்பு. பி.எச்.பி.யிலோ நெகிழ்ச்சி பொது, விதி வேண்டுவார்க்கு மட்டும் சிறப்பு. கண்டிப்பு நிலையிலும் முழு எண் பின்ன எண்ணின் இடத்தில் நிற்க இசைந்தமை ஒன்றே உண்மையான வழுவமைதி எனத் தகும்.

கண்டிப்பை நாடுவோரும் ஒன்று கருதற்பாலர். தொலைபேசி இலக்கமும் அடையாள இலக்கமும் எண்ணால் எழுதப்பட்டும் அளவைப் பொருளல்ல; அவற்றைக் கூட்டுவாரும் கழிப்பாரும் இலர். அவற்றை முழு எண் என அறிவித்துவிட்டுக் கண்டிப்பைக் கூட்டினால், சுழியத்தை இழந்த பிழையே சட்டமாகும். எழுத்துச்சரம் எனல் வேண்டும். ஒரே பெயரை முகம்மது என்றும் முஹம்மத் என்றும் எழுதும் கரையோரப் பதிவேட்டுக்கு அதுவும் போதாது. இரண்டும் குற்றமற்ற சரங்களே, அவை ஒருவரையே சுட்டுவன என்பதை எவ்வகை அறிவிப்பும் கூறமாட்டாது.